தெரு மீன்பாசி ஏலம்

எது காற்று, எது தண்ணீர் என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி ஊர் புழுங்கிக்கொண்டிருந்த ஒரு புரட்டாசியில், உப்பங்கழிக்கும் வயல்வெளிக்கும் நடுவே கிடக்கும் ஆலங்கழியில், ஊராட்சித் தலைவர் குஞ்சிதபாதம் தன் கடைசி மகளுக்குக் காதுகுத்து வைத்தார். பந்தலுக்கு மூன்று வாடகை ஏசி வந்து இறங்கின. இவ்வளவையும் மின்மாற்றி தாங்காது என்று லைன்மேன் பக்கிரிசாமி சொன்னார். சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலேயே, தெற்குத்தெருவுக்குப் போகும் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பந்தியில் போய் உட்கார்ந்தார்.

தெற்குத்தெருவில் இருபத்திரண்டு வீடுகளுக்கு மின்விசிறி நின்றது. தையல்நாயகிக்கு மட்டும் மோட்டார் நின்றது.

தெருக்கோடியில், பச்சை நிழல்வலைக்குக் கீழே, நான்கு சிமெண்ட் தொட்டிகளில் அவள் ஜிலேபி கெண்டை வளர்த்தாள். தொட்டிகளுக்கு மேல் சாரம் கட்டி வரிசையாக வைத்த ஜல்லித் தட்டுகளில், ஒரு பிடி மண்கூட இல்லாமல், கீரையும் வல்லாரையும் புதினாவும் தக்காளியும் வேர்விட்டு நின்றன. மீன் கழித்த அழுக்குத் தண்ணீரை மோட்டார் மேலே ஏற்றும். செடிகள் அழுக்கைத் தின்றுவிட்டுத் தண்ணீரைத் தெளிவாகக் கீழே விடும். மீன் இல்லாவிட்டால் செடிக்குச் சோறில்லை, செடி இல்லாவிட்டால் மீனுக்கு நல்ல தண்ணீரில்லை, மோட்டார் இல்லாவிட்டால் இரண்டுமில்லை. தெற்குத்தெருவுக்கு வயல் என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை; மனைக்கட்டில் தோண்டினால் உப்பு பூத்துவரும். மண்ணைக் கேட்டு யார் வாசலிலும் நிற்க வேண்டாத தோட்டம் ஒன்று உண்டு என்று மீன்வளக் கல்லூரியில் படித்தபோது தெரிந்துகொண்ட நாயகி, மூன்று வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அதைக் கட்டினாள்.

மோட்டார் நின்று ஒரு மணி நேரம் ஆனதும் பந்தலுக்கு ஓடினாள்.

"அண்ணே, மீனு மூச்சு வாங்குது. கட்டைய மாட்டிவுடுங்கண்ணே."

பக்கிரிசாமி அப்பளத்தைப் பாயசத்தில் நொறுக்கிப் போட்டார். "மீனு தண்ணிக்குள்ளதானம்மா கெடக்கு? அதுக்கு எதுக்குக் கரண்டு? ஃபேன் போட்டாத்தான் தூங்குமா?"

பந்தியே சிரித்தது. சாம்பார் வாளியோடு நின்றவனும் சிரித்தான். நாயகி பதில் தெரியாதவள் அல்ல. அவளுடைய பதில்கள் தொண்டைவரை வந்து, அங்கே ரேஷன் கடையில் நிற்பதுபோல் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிடும். ஒன்றும் வெளியே வராது, ஒன்றும் திரும்பியும் போகாது. அத்தனையும் இந்த இருபத்தொன்பது வயதில் அங்கேயே நின்றுகொண்டிருந்தன.

திரும்பி வந்து, அவளும் அம்மா வேதாமிர்தமும் வாளியும் குடமுமாகத் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத் தூக்கி ஊற்றினார்கள். அப்படி ஊற்றினால் தண்ணீரில் கொஞ்சம் காற்று கலக்கும். ஒரு தொட்டிக்கு நூறு வாளி, அடுத்த தொட்டிக்கு நூறு வாளி, அது முடிவதற்குள் முதல் தொட்டி மீன்கள் மறுபடி மேலே வந்து வாயைப் பிளக்கும். முந்நூற்று எழுபது வாய்கள். பந்தலில் மைக்செட் பாடிக்கொண்டிருந்தது. நான்கு மணி நேரம் ஊற்றியபின் நாயகியின் தோள்கள் மரத்துப்போன வேளையில், மூன்றாம் தொட்டியின் பெரிய பெட்டைக் கெண்டை காற்றைத் தேடி மேலே வந்தது. வந்த வேகத்தில், தண்ணீர் எங்கே முடிந்தது என்று கவனிக்காமல், இன்னும் மேலே வந்தது. தொட்டி விளிம்பைத் தாண்டி, புதினாவைத் தாண்டி, நாயகியின் முகத்துக்கு நேராக நின்று, செவுளை ஒருமுறை திறந்து மூடிப் பார்த்துவிட்டு, போதுமான ஈரம் இருக்கிறது என்று கண்டுகொண்டதுபோல வாலை அசைத்து நிழல்வலையின் கிழிசல் வழியாகத் தெருவுக்குப் போனது. அதன் பின்னால் மற்றவையும் போயின.

வேதாமிர்தம் குடத்தை இறக்கி வைத்தாள். "தண்ணி எங்க முடியுதுன்னு அதுக்குத் தெரியல பாரு. இந்தப் புழுக்கத்துல நமக்கே தெரியல."

"புடிம்மா!" என்று கத்திக்கொண்டு நாயகி தாவித் தாவிப் பிடித்தாள். விரலிடுக்கில் வழுக்கிக்கொண்டு அத்தனையும் போய்விட்டன. சாயங்காலம் பந்தி முடிந்து பக்கிரிசாமி கட்டையை மாட்டியதும், வெறும் தண்ணீரை மோட்டார் மேலே ஏற்றத் தொடங்கியது.

ஆலங்கழி இதற்கெல்லாம் ஆச்சரியப்படுகிற ஊர் இல்லை. மீன்கள் வெயில் நேரத்தில் வீட்டு ஓரங்களின் நிழலில் ஒண்டுவதையும், சாயங்காலத்தில் கூட்டமாக நடுத்தெருவுக்கு வருவதையும் இரண்டே நாளில் பழகிக்கொண்டது. டீக்கடைக்காரர் பால் பாத்திரத்துக்கு மூடி வாங்கினார். மினிபஸ் டிரைவர் முக்கில் ஒரு கூட்டம் கடந்துபோகும்வரை ஹாரன் அடித்துப் பார்த்து, பலிக்காமல், எஞ்சினை அணைத்துவிட்டு வெற்றிலை போடக் கற்றுக்கொண்டார். கொசு ஒழிந்தது என்று சந்தோஷப்பட்டவர்கள் உண்டு. துணி காயவில்லை, காய்ந்ததிலும் கவிச்சி அடிக்கிறது என்று திட்டியவர்கள் உண்டு. பள்ளிக்கூடத்தில் மீன் வகுப்புக்குள் வந்தால் யாரும் எழுந்திருக்கக் கூடாது என்று தலைமையாசிரியை சொல்லிவைத்தார். மூன்றாம் நாள் மேலத்தெருவில் கொசுவலைகளை அவிழ்த்துக் கம்பில் கட்டினார்கள். நான்காம் நாள் மேலத்தெரு முழுக்க மீன் வறுக்கிற வாசனை.

நாயகி வீடு வீடாகப் போனாள். கோமளவல்லி வாணலியைவிட்டுத் திரும்பாமலே கேட்டாள்.

"என்னாடி?"

"அக்கா, அது என் மீனு."

"உன் மீனா? என் சன்னல் வழியா வந்துச்சு, என் கொழம்புல வுளுந்துச்சு. உன் பேரு எழுதியிருக்கான்னு செதில ஒரசி ஒரசிப் பாத்துட்டேன், ஒண்ணுங் காணுமே."

உள்ளே யாரோ புரையேறச் சிரித்தார்கள். நாயகி வாசலிலேயே நின்றாள். உள்ளே வா என்று அவளை அந்தத் தெருவில் யாரும் சொன்னதில்லை. செருப்பைக் கழற்றித் தெருமுனையில் விட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள். அதுவும் அந்தத் தெருவின் வழக்கம்.

எட்டாம் நாள் கீரை வெளுத்தது. பத்தாம் நாள் தக்காளிச் செடியின் அடி இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. இன்னும் ஒரு வாரத்தில் மீன் தொட்டிக்குத் திரும்பாவிட்டால் மூன்று வருடம் வெறும் ஜல்லியாகிவிடும் என்பதை இலைகளைப் பார்த்தே அவளால் சொல்ல முடிந்தது. தீவன டப்பாவைத் தட்டிக்கொண்டே தெருவில் நடந்து பார்த்தாள். அந்தச் சத்தத்துக்கு மீன்கள் திரும்பின. ஆனால் இரண்டு பக்கமும் கொசுவலையோடு ஆட்கள் நிற்க, பயந்து கூரைக்கு மேலே ஏறிக்கொண்டன. தெருவில் ஆள் இருக்கிறவரை அவை இறங்கிவராது.

ஊராட்சி அலுவலகத்தில் குஞ்சிதபாதம் அவளை உட்காரச் சொல்லவில்லை.

"இந்தா புள்ள, தெரு யாருது?"

"ஊராட்சியோடது."

"அப்ப தெருவுல திரியிறது?"

நாயகியின் தொண்டையில் பதில்கள் நெருக்கியடித்தன.

"கொளத்துல இருக்கற மீனு கொளத்துக்காரனுது. தெருவுல இருக்கற மீனு தெருக்காரனுது. நீ அத வேலிக்குள்ள வெச்சிருக்கணும்." தன் பேச்சு தனக்கே பிடித்துப்போய் அவர் செயலர் தட்சிணாமூர்த்தியைப் பார்த்தார். "யோவ், ஏலம் போட்டுடுவமா?"

வருடா வருடம் ஊர்க்குளத்தில் மீன் பிடிக்கும் உரிமைக்கு மீன்பாசி ஏலம் நடக்கும். தலைவரின் மச்சான் சிங்காரம் ஒருவர்தான் கேட்பார், வேறு யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள், ஒருதரம் ரெண்டுதரம் மூணுதரம் என்று தீர்ந்துவிடும். குத்தகைத் தாளில் ஒரு விதி உண்டு: குத்தகைதாரர் அனுமதியின்றி எவரும் இறங்கவோ, குளிக்கவோ, துணி அலசவோ, கால்நடை ஓட்டவோ கூடாது. மேலத்தெரு அந்தக் குளத்தில்தான் குளித்தது, மாடு கழுவியது, பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கியது. விதி தெற்குத்தெருவுக்கு மட்டும். நாயகிக்கு நான்கு வயதாக இருந்தபோது, மழையில் வேலையில்லாத ஒரு வாரத்தின் முடிவில், அவள் அப்பா காத்தமுத்து அந்தக் குளத்தில் ஒரு விரால் பிடித்தார். மேலத்தெருக்காரர்கள் அதை அவர் கழுத்திலேயே கட்டி மூன்று தெருவும் சுற்றிவரச் செய்தார்கள். வீட்டுக்கு வந்து, மீனை அவிழ்த்து மனைவி கையில் கொடுத்து, "கொழம்பு வை" என்றார். அந்தக் குழம்பின் ருசி நாயகிக்கு இன்னும் நாக்கில் இருந்தது. நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

தட்சிணாமூர்த்தி சோம்பேறி. தெருவுக்கென்று புதிதாக ஒரு தாள் தயாரிக்க அவருக்குக் கை வரவில்லை. குளத்துத் தாளையே எடுத்து, குளம் என்று வந்த இடங்களை அடித்துத் தெரு என்று எழுதி, முத்திரை குத்திவிட்டார்.

பன்னிரண்டாம் நாள் காலை அலுவலக வாசலில் ஏலம். சிங்காரம் பல்குத்திக்கொண்டே ஒரு தொகை சொன்னார். "ஒருதரம்" என்றார் தட்சிணாமூர்த்தி. "ரெண்டுதரம்."

"அதுக்கு மேல நூறு" என்றாள் நாயகி.

தன் குரலை அவளே அப்போதுதான் கேட்டாள். வரிசையின் முன்னால் நின்ற பதில் ஒன்று எப்படியோ வெளியே வந்துவிட்டிருந்தது.

"பொம்பளைங்க கேக்கலாமாய்யா?" என்றார் சிங்காரம்.

தட்சிணாமூர்த்தி தாளைப் புரட்டினார். கூடாது என்று எங்கும் இல்லை. யாரும் கேட்டதே இல்லை என்பதால் யாரும் எழுதிவைக்கவில்லை. கேட்ட தொகையை அங்கேயே கட்ட வேண்டும் என்பதுதான் இருந்தது. இத்தனை வருடத்தில் ஒருமுறையும் பணம் எடுத்துவந்து பழக்கமில்லாத சிங்காரம் வேட்டி மடிப்பைத் தடவினார். நாயகி, அடுத்த முறை வளர்க்கக் குஞ்சு மீன் வாங்க வைத்திருந்ததை மேசைமேல் வைத்தாள்.

குஞ்சிதபாதத்துக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "குடுத்துத் தொலைங்கய்யா! அவ மீன அவளே காசு குடுத்து வாங்கறா. நமக்கு என்னா நட்டம்?"

கூட்டம் முழுக்கச் சிரித்தது. நாயகி கையெழுத்துப் போட்டாள். பிறகு சொன்னாள்: "விதியெல்லாம் ஒருதரம் படிச்சுக் காட்டிடுங்க சார்."

தட்சிணாமூர்த்தி கொட்டாவியோடு படித்தார். "மேற்படி தெருவில் குத்தகைதாரர் அனுமதியின்றி எவரும் இறங்கவோ, குளிக்கவோ..." யாரும் கேட்கவில்லை. அந்த விதி தங்களுக்கில்லை என்று நான்கு தலைமுறையாகத் தெரிந்துவைத்திருந்ததால், அதைக் காதில் வாங்கும் பழக்கமே அவர்களிடம் அற்றுப்போயிருந்தது.

மறுநாள் விடிந்ததும் நாயகி மேலத்தெரு முக்கில் நின்றாள். காலில் செருப்பு. கையில் தாள். கோமளவல்லி சாணித் தண்ணீர் வாளியோடு படியிறங்க வந்தாள்.

"அக்கா, எறங்காதீங்க."

"என்னது?"

"அனுமதி இல்லாம தெருவுல எறங்கக் கூடாது. குத்தகைத் தாளுல இருக்கு."

"அடியே, உனக்குக் கொழுப்பா? வாசத் தெளிக்க உங்கிட்ட நான் அனுமதி கேக்கணுமா?"

"தெளிக்கவும் கூடாதுக்கா. அலசுறதுல சேரும்."

அரை மணியில் மேலத்தெருவின் அத்தனை வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். படியில் நின்று கத்தினார்களே தவிர, ஒருவரும் முதல் காலை எடுத்து வைக்கவில்லை. தாள் என்றால் அந்த ஊருக்கு அப்படி ஒரு பயபக்தி. குளத்துத் தாள், புளியமரத்துத் தாள், தென்னந்தோப்புத் தாள் என்று அத்தனையும் அந்த ஒரு முத்திரையில் நின்றுகொண்டிருந்தன. கடைசிப் படிவரை வந்த சிங்காரம், "அத வாங்கிக் கிழிச்சுப் போடுங்க மாமா!" என்று அலறினார்.

குஞ்சிதபாதமும் தன் வீட்டுப் படியில்தான் நின்றிருந்தார். அவர் முகம் மெல்ல மெல்ல மாறியதை நாயகி முக்கிலிருந்தே பார்த்தாள்.

"கிழிக்கலான்டா. இந்தத் தாளு செல்லாதுன்னா கொளத்துத் தாளு மட்டும் எப்படிச் செல்லும்? நாளைக்கே அவனுவொ எறங்கிக் குளிப்பானுவொ." உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நாயகி தெற்குத்தெருவின் இருபத்திரண்டு வீடுகளுக்கும் பெயர் சொல்லி, உரக்க, அனுமதி கொடுத்தாள். அவர்கள் வெளியே வந்தார்கள். மேலத்தெருவின் நடுவில், செருப்போடு, அவசரமில்லாமல், அந்தக் கோடிவரை போய்விட்டுத் திரும்பி வந்தார்கள். அங்கே ஒருவருக்கும் ஒரு வேலையும் இல்லை. அதனால்தான் போனார்கள்.

மேலத்தெரு இதையும் பழகிக்கொள்ளப் பார்த்தது. மாடிக்கு மாடி பலகை போட்டார்கள். மதில்மேல் சாம்பார் கைமாறியது. ஒரு பெண்பார்க்கும் கூட்டம் கொல்லைப்புறமாகவே, ஆறு வேலி தாண்டி, பட்டுப்புடவையில் முள் கிழிய வந்துபோனது. தபால்காரர் ஊர் எல்லையில் நின்று கடிதங்களை விட்டெறிந்தார். மினிபஸ் வரவில்லை. முகச்சவரம் செய்துகொள்ள முடியாமல் ஆண்கள் எல்லாரும் ஒரே சாயலுக்கு வந்தார்கள். சன்னலுக்குச் சன்னல் நாயகியைச் சபித்தார்கள். சபிக்கிறபோதும் கால் மட்டும் வாசற்படியின் உள்பக்கமே இருந்தது.

ஆளில்லாத தெருவில் மூன்றாம் நாள் மீன்கள் கீழே இறங்கின. கொசு தீர்ந்துபோய் அவை மெலிந்திருந்தன. சாயங்காலம் ஐந்து மணிக்கு, தினமும் தீவனம் போடுகிற நேரத்துக்கு, நாயகி டப்பாவைத் தட்டிக்கொண்டு மேலத்தெரு கோடியிலிருந்து நடந்து வந்தாள். முதலில் பெரிய பெட்டைக் கெண்டை வந்தது. பிறகு ஓட்டுச் சரிவுகளிலிருந்தும், மின்கம்பிகளின் இடையிலிருந்தும், கோவில் மணிக்கூண்டுக்குள்ளிருந்தும் ஒவ்வொன்றாகப் புறப்பட்டு, அவள் இடுப்புயரத்தில், பின்னால், நீளமான ஒரு வாலைப்போலச் சேர்ந்துகொண்டன. சன்னல்களில் முகங்கள் இருந்தன. தொட்டியருகே வந்து அவள் தீவனத்தைத் தண்ணீரில் தூவினாள். ஒவ்வொன்றாக உள்ளே இறங்கின.

எண்ணினாள். இருநூற்று நாற்பத்தொன்று. மறுபடி எண்ணினாள். அதே கணக்குதான்.

செடிகளுக்கு இது போதும். ஒரு வாரத்தில் கீரை பச்சை பிடிக்கும். நியாயப்படி அப்போது அவள் மூச்சு விட்டிருக்க வேண்டும். அதற்கு மாறாக, வராத நூற்று இருபத்தொன்பதும் தொண்டைக்குள் ஏறி நின்றுகொண்டன.

"மீனுதான் வந்துடுச்சே நாயகி" என்று மாடியிலிருந்து கெஞ்சினாள் கோமளவல்லி. "வழிய வுடேன்டி, கண்ணு."

"நூத்தி இருவத்தொம்பது வரலக்கா."

"தின்னுட்டோம். இப்ப அதுக்கு என்னா செய்யச் சொல்ற?"

"ஒண்ணும் செய்யாதீங்க. உள்ளயே இருங்க."

ஐந்தாம் நாள் தெற்கே வானம் கறுத்தது. அதைப் பார்த்ததும் மேலத்தெரு சபிப்பதை நிறுத்தியது. குறுவை நெல் முற்றிச் சாய்ந்து கிடந்தது. மழைக்கு முன் அறுக்காவிட்டால் கதிரிலேயே முளைத்துவிடும். அறுவடை எந்திரமும் இந்தத் தெருவைத் தாண்டித்தான் வயலுக்குப் போக வேண்டும். அன்று முழுக்கத் தலைவர் வீட்டு மாடிக்குப் பலகை பலகையாக ஆட்கள் போய்வந்தார்கள். அங்கே பேச்சு தடித்ததும், குஞ்சிதபாதத்தின் சொந்தத் தம்பியே அவரை ஒருமையில் திட்டியதும் தெற்குத்தெருவரை கேட்டது.

ஆறாம் நாள் காலையில் அவர் வாசலுக்கு வந்தார். ஆறு நாள் தாடி. கடைசிப் படியில் நின்று, கீழே வைக்கப்போன காலைத் தானாகவே உள்ளிழுத்துக்கொண்டார்.

"அம்மா நாயகி."

அந்த வாயிலிருந்து அவள் பெயர் வந்தது அதுவே முதல்முறை.

"அறுப்பு கெடக்கும்மா. நம்ம ஊருப் பொண்ணு நீ. பெரிய மனசு பண்ணு."

"எனக்குச் சின்ன மனசுதான்ங்க" என்றாள் நாயகி. வரிசை நகரத் தொடங்கிவிட்டிருந்தது. பதில்கள் இப்போது தடங்கலில்லாமல் வந்தன. "ஆனி வரைக்கும் குத்தகை இருக்கு. அதுக்கு முன்னாடி இந்தத் தாளக் கிழிக்கணும்னா, கொளத்துத் தாளயும் கொண்டாங்க. ரெண்டையும் நீங்களே கிழிங்க. ஊரு பாக்கக் கிழிங்க. இனிமே கொளத்துக்குத் தாளு கிடையாதுன்னு உங்க வாயால சொல்லுங்க."

"இது அநியாயம்."

"ஆமாங்க. ஆறு நாளாத்தான் உங்களுக்கு இது அநியாயம்."

தட்சிணாமூர்த்தி மதில் வழியாகக் குளத்துத் தாளை நீட்டினார். குஞ்சிதபாதம் அதைப் பார்க்காமலே பிடுங்கினார். வெட்கத்தினால் அல்ல, ஆத்திரத்தினால். அது நாயகிக்குத் தெரிந்தது. அவர் வெட்கப்படுவார் என்று அவள் எதிர்பார்த்திருக்கவும் இல்லை. குளத்துத் தாளை முதலில் கிழிக்கச் சொன்னாள், பிறகு தன் தாளை நீட்டினாள். சொல்ல வேண்டியதை அவர் வாய்க்குள் முனகினார். "கேக்கலங்க" என்றாள். இன்னொருமுறை, சன்னல்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னார்.

மேலத்தெரு கதிரறுக்க வடக்கே ஓடியது. தெற்குத்தெரு துண்டையும் சோப்பையும் எடுத்துக்கொண்டு கிழக்கே குளத்துக்கு நடந்தது.

கரையில் எல்லோரும் ஒரு கணம் நின்றார்கள். முதலில் இறங்கியவள் வேதாமிர்தம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான்கு படி இறங்கி, கல்லில் மாட்டுச் சாணி காய்ந்திருந்ததைப் பார்த்து முகத்தைச் சுளித்து, தண்ணீருக்குள் நடந்தாள். நடந்துகொண்டே இருந்தாள். நடுக்குளம்வரை போனாள். தண்ணீர் அவள் முழங்காலுக்கு மேல் ஏறவில்லை. பாசியும் ஷாம்பு பாக்கெட்டும் அவள் காலைச் சுற்றி மிதந்தன. அடியில் இருந்த சேற்றைக் காலால் துழாவிப் பார்த்துவிட்டு அங்கிருந்தே கத்தினாள்.

"ஏண்டி! முட்டிக்காலு தண்ணிடி! இவ்வளவுதான் இருக்கு!"

சின்னப் பிள்ளைகள் ஹோவென்று குதித்தார்கள். ஒருவர் மேல் ஒருவர் தண்ணீரை வாரி இறைத்தார்கள். நாயகி கரையில் நின்றாள். இந்த நாளில் நெஞ்சு குளிரும் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். அம்மாவின் முழங்காலைப் பார்க்கப் பார்க்க அது குளிரவில்லை. ஆழமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இத்தனை வருடம் காவல் காத்ததற்கு ஓர் ஆளையாவது மூழ்கடிக்கும் ஆழம் இருக்கும் என்று நினைத்திருந்தாள்.

"நீ எறங்கலயாடி?"

"நீ குளிச்சுட்டு வாம்மா" என்றாள் நாயகி. "எனக்கு இன்னும் கோவம் போவல."

திரும்பி, மேலத்தெருவின் நடுவிலேயே, வீட்டுக்கு நடந்தாள்.